டென்டில் குளிராமல் தூங்க வேண்டுமானால் முதலில் அடியில் விரிப்பதைக் கவனியுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையிலிருந்து ஐந்து பேர் பொங்கல் லீவில் மூணாறு பக்கம் சூரியநெல்லி போகிறோம். கொழுக்குமலைப் பக்கம் டென்டில் இரண்டு இரவு. போன வருஷம் ஏலகிரியில் ஏர் பெட் போட்டு, ஆளுக்கு இரண்டு ரஜாய் போர்த்தியும் விடிய விடிய நடுங்கினோம். இந்தத் தடவை 'மைனஸ் 10' என்று போட்டிருக்கும் ஸ்லீப்பிங் பேக் வாங்கலாமா? இல்லை, டென்டுக்குள் சின்னதாக ஒரு கரி அடுப்பு வைத்தால் போதுமா? கூட வரும் அம்மாவுக்கு 60 வயது, சர்க்கரை உண்டு.

பதில்:

கரி அடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதில் தப்பு நடந்தால் ஒரு ராத்திரித் தூக்கம் போகும், இதில் உயிர் போகும். டென்டுக்குள் கரி, விறகுத் தணல், கேஸ் ஸ்டவ் எதையும் எரியவிட்டுத் தூங்கவே கூடாது. காற்று போதாமல் எரியும் கரி கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரிச்சல்கூட இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுகிற உணர்வே வராது, அதனால் விழிப்பும் வராது. புகை நின்று சிவந்து கிடக்கும் தணல் பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், அதிலிருந்து வருவதும் அதே வாயுதான். பனியில் நனைந்த டென்ட் துணி வழியே காற்று இன்னும் குறைவாகத்தான் போகும். ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காதவர்கள் பற்றிய செய்தி நம் மலை ஊர்களிலிருந்தே வந்திருக்கிறது. நெருப்பு வெளியிலேயே இருக்கட்டும். படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றி முழுசாக அணைத்துவிடுங்கள்.

இனி ஏலகிரி ராத்திரிக்கு வருவோம். அங்கே உங்களை நடுங்க வைத்தது பெரும்பாலும் அந்த ஏர் பெட்தான்.

காசிமேட்டில் மீனும் ஐஸும் போட்டு அடுக்கும் தெர்மாகோல் பெட்டி உங்களுக்குப் பழக்கம். அந்தப் பெட்டி தானாக எதையும் குளிர வைப்பதில்லை. வெளிச்சூடு உள்ளே நுழையும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ரஜாய், கம்பளி, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கின்றன. உள்ளே இருக்கும் சூடு வெளியே ஓடும் வேகத்தைக் குறைக்கின்றன. டென்டுக்குள் சூடு உண்டாக்குவது உங்கள் உடம்பு ஒன்றுதான். தூங்கும்போது ஒரு பெரியவரின் உடம்பு சுமார் 70, 80 வாட் சூடு விடும், பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது போல. அந்தச் சூட்டை விடியும் வரை பிடித்து வைப்பதுதான் வேலை. மேலே இரண்டு ரஜாய், அடியில் ஏர் பெட் என்றால், தடித்த மூடி போட்ட, அடிப்பலகை இல்லாத ஐஸ் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கனமான மூடியும் அதைக் காப்பாற்றாது.

ஏர் பெட்டில் காற்றுதானே இருக்கிறது, காற்று சூட்டைக் கடத்தாதே என்று கேட்கலாம். அசையாத காற்றுதான் நல்ல தடுப்பு. ஃபோமிலும் தெர்மாகோலிலும் காற்று பொடிப்பொடிக் குமிழிகளில் சிறைப்பட்டு நிற்கிறது. ஏர் பெட்டின் பெரிய அறைக்குள் நீங்கள் புரளும் ஒவ்வொரு தடவையும் காற்று கலங்கும். தரையைத் தொட்டுக் குளிர்ந்த காற்று முதுகுக்கு வரும், முதுகில் சூடான காற்று கீழே போகும். அடியில் ரஜாயை மடித்துப் போட்டாலும் பாதிப் பலன்தான், ஏனென்றால் உடம்பு எடையில் பஞ்சு நசுங்கிப்போகும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கத்துக்கும் இதே கதிதான். விலை எவ்வளவாக இருந்தாலும் முதுகுக்குக் கீழே அது வெறும் துணி மாதிரி ஆகிவிடும்.

அதனால் கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு அடிப்பாய்க்குப் போக வேண்டும். மலையேறுபவர்கள் வாங்கும் பாய்களில் 'ஆர்' என்று ஒரு எண் போட்டிருக்கும், தரை இழுக்கும் சூட்டை அந்தப் பாய் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. 10 டிகிரி இரவுக்கு 2, 5 டிகிரிக்கு 3, உறைபனிக்கு 4 அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால் தைரியமாகப் படுக்கலாம். இதில் வசதி என்னவென்றால், ஒன்றின் மேல் ஒன்று போட்டால் எண்கள் அப்படியே கூடும். 10 மில்லிமீட்டர் கனமுள்ள எடை குறைந்த இ.வி.ஏ. ஃபோம் பாய் ஒன்று ஏறக்குறைய 1.4 தரும். இரண்டு போட்டால் 3 பக்கம் வந்துவிடும், கொழுக்குமலைக்கு அது போதும். உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத சாதா ஏர் பெட் தனியாக 1-ஐத் தொட்டாலே பெரிது.

மலையேற்றக் கடைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பாரிமுனை, பிராட்வே பக்கம் பேக்கிங் சாமான் விற்கும் கடைகளில் டிவி, ஃப்ரிட்ஜுக்குச் சுற்றும் வெள்ளை ஃபோம் ஷீட் பல கனத்தில் ரோலாகக் கிடைக்கும். ஒரு ஆளுக்கு 180 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம் என்று 10 மில்லிமீட்டர் ஷீட்டில் இரண்டு துண்டு வெட்டி வாங்குங்கள். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. சின்னத் துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது ஸ்பாஞ்ச், ஈரத்தைக் குடிக்கும், படுத்தால் நசுங்கும், வேண்டாம். மேலே மட்டும் நனைந்து உதறினால் உலர்ந்தால், அதுதான் வேண்டியது. கனமாகத் தொங்கும் பி.வி.சி. யோகா மேட்டைவிட, தூக்கினால் எடையே தெரியாத ஃபோம் சூட்டை நன்றாகத் தடுக்கும். ரயிலில் ஐந்து ரோல் தூக்க முடியாது என்றால் இரண்டாவது துண்டை 120 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். தோள் முதல் இடுப்பு வரை இரண்டு அடுக்கு கண்டிப்பாக இருக்கட்டும், காலுக்கு அடியில் காலியான பையை வைத்தால் சரியாகப் போகும்.

கடைசி நேரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையா, பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போடுங்கள். நெளிவு அட்டைக்குள் சிறைப்பட்ட காற்று உண்டு, நன்றாகவே தடுக்கும். ஈரம் பட்டால் அதோடு சரி, அதனால் டென்டுக்குள்ளேதான் போட வேண்டும். திரும்பும்போது மலையில் விட்டுவிட்டு வராதீர்கள். கோரைப்பாய் தரையிலிருந்து தள்ளி வைக்கும், சூட்டை அதிகம் தடுக்காது. தார்பாய் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. தார்பாயை டென்டுக்கு அடியில் விரித்தால் நாலு பக்கமும் டென்டைவிட 5 சென்டிமீட்டர் உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் டென்ட் மேல் வழியும் பனித் தண்ணீர் முழுவதையும் அது வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே சேர்க்கும். ஏற்கெனவே வாங்கிய ஏர் பெட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அதன் மேல் ஃபோமைப் போட்டுப் படுக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் படுக்கும் பாய்களை அடிப்பக்கமாக பிரவுன் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரியில் இரண்டு பாய்களும் விலகி, நடுவில் படுத்தவர் வெறுந்தரைக்கு வந்துவிடுவார்.

அடுத்தது, எத்தனை டிகிரிக்குத் தயாராக வேண்டும் என்பது. ஜனவரி இரவில் நம் பக்கம் 20, 21 டிகிரி இருக்கும், அதற்கே ஃபேனை ஒரு பாயிண்ட் குறைப்போம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறுவதற்கும் சுமார் 6.5 டிகிரி குறையும். கொழுக்குமலை 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆக 14 டிகிரி கழித்தால் 7 வருகிறது. மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மூணாறு எஸ்டேட்களின் பள்ளங்களில் ஜனவரியில் புல் மேல் உறைபனி படிவது வழக்கம். 5 டிகிரிக்கு வாங்கி, 2 டிகிரிக்கு மனதளவில் தயாராக இருங்கள். இதற்கு மேல் காற்று வேறு இருக்கிறது. முகட்டில் வீசும் காற்று டென்டைத் தாண்டி உள்ளே வராது, ஆனால் டென்ட் துணியை ஓயாமல் குளிர வைத்துக்கொண்டே இருக்கும்.

'மைனஸ் 10' பேக் விஷயத்துக்கு வருகிறேன். அந்த எண் எந்த முறையில் எடுத்தது என்று லேபிளில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரமுறை இருக்கிறது, அதற்கு முன்னால் இ.என். 13537 என்று இருந்தது. சூடேற்றிய பொம்மை மனிதனை ஒரு பாயின் மேல் பேக்குக்குள் படுக்க வைத்து அளப்பார்கள். அதில் குளிருக்கு மூன்று எண் வரும். கம்ஃபர்ட் என்பது ஒரு பெண் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கும் அளவு. லிமிட் என்பது ஒரு ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது தூங்கும் அளவே இல்லை, உயிர் பிழைத்திருக்கும் அளவு, அதிலும் குளிர்க்காயம் வரலாம். விலை மலிவான பேக்குகளில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பல சமயம் இந்த மூன்றாவது எண்தான், சிலவற்றில் அளந்து பார்க்காமலே போட்ட எண். கம்ஃபர்ட் 5 டிகிரி என்று தெளிவாகப் போட்ட பேக், தரமுறை பெயரே இல்லாத 'மைனஸ் 10'-ஐவிட உங்களைக் கதகதப்பாக வைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள், அந்தச் சோதனை நல்ல பாயின் மேல் நடந்தது. வெறும் தரையில் படுத்தால் லேபிளில் போட்ட எதுவும் செல்லாது.

இறகு வைத்த பேக் எடை குறைவு, பொட்டலம் சின்னது, விலை அதிகம், நனைந்தால் கட்டி தட்டிப் பயனில்லாமல் போகும். வருஷத்துக்கு ஒரு முறை மலைக்குப் போய், மீதி 11 மாதம் கடலோர ஈரக்காற்றில் வைத்திருக்கப் போகிற நமக்குப் பாலியஸ்டர் பஞ்சு வைத்ததே என் பரிந்துரை. தோள் அகன்று கால் பக்கம் குறுகிய, தலைக்குத் தொப்பி தைத்த வடிவம்தான் சூட்டைப் பிடிக்கும். பெட்டி மாதிரி நீள்சதுரப் பேக்கில் புரள்வதற்கு வசதி, ஆனால் உள்ளே காலியாகக் கிடக்கும் இடத்தையெல்லாம் உங்கள் உடம்புதான் சூடாக்க வேண்டும். உயரத்துக்கு அதிகமான நீளம் இருந்தால் மறுநாள் போடும் துணியைக் கால்மாட்டில் திணித்துவிடுங்கள். இடமும் அடையும், காலையில் அந்தத் துணியும் சில்லென்று இருக்காது.

பேக் வாங்கவில்லை, ரஜாய்தான் என்றாலும் முடியும். ஐந்து பேருக்குப் பத்து ரஜாய் இருக்கிறது. தனித்தனியாகப் போர்த்தாமல் இரண்டு பேர் நெருங்கிப் படுத்து மூன்று ரஜாயை ஒன்றாகப் போர்த்துங்கள். கால் பக்கத்தை ஒரு அடி உள்ளே மடக்குங்கள், இரண்டு ஓரங்களையும் உடம்புக்கு அடியில் செருகுங்கள், பிரியும் இடத்தில் நாலைந்து பெரிய ஊக்கு குத்துங்கள். போர்வையில் சூடு ஓடுவது பெரும்பாலும் ஓரங்கள் வழியாகத்தான், அதிலும் புரளும்போது கழுத்துப் பக்கம் திறந்து உள்ளே இருந்த சூடெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். கழுத்தைச் சுற்றி ஒரு காய்ந்த துண்டைக் கட்டிக்கொண்டால் இது பாதி குறையும். ரஜாய்க்கு மேல் பிளாஸ்டிக் ஷீட் போடுகிறவர்கள் உண்டு. உடம்பு ராத்திரி முழுக்க ஆவி விடும். அது வெளியே போக வழியில்லாமல் ஷீட்டின் அடியில் தண்ணீராகி, 2 மணிக்கெல்லாம் ரஜாய் ஈரமாகிவிடும். நசநசத்த பஞ்சு ரஜாயைவிடக் குளிரானது வேறொன்றும் இல்லை. பளபளவென்ற அலுமினிய அவசரப் போர்வைக்கும் இது பொருந்தும், அதைப் போர்த்திப் படுக்க வேண்டாம்.

உடையில் ஒரே ஒரு விதியைக் கறாராகக் கடைப்பிடியுங்கள். பகலில் போட்ட துணியோடு படுக்காதீர்கள். பகல் நடையில் பனியனும் டி-ஷர்ட்டும் வியர்வையைக் குடித்திருக்கும், கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். உள்ளாடை, சாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் மாற்றுங்கள். தூங்குவதற்கென்று ஒரு செட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாலை வரை பிரிக்காமல் வையுங்கள். பாலியஸ்டர் முழுக்கை பனியன், டிராக் பேண்ட், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்லீஸ் போதும், எம்.சி. ரோடு கடைகளில் தேடினால் ஒரே நடையில் முடிந்துவிடும். ஜீன்ஸும் லுங்கியும் படுக்கைக்கு வேண்டாம். சாக்ஸ் தளர்வாக ஒரு ஜோடி. குளிருகிறதே என்று இறுக்கமாக இரண்டு ஜோடி போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். கனமான ஜாக்கெட்டைப் பேக்குக்குள் போட்டுத் திணறாமல், பேக்குக்கு மேல் மார்புப் பக்கம் விரித்துப் போடுங்கள். தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பது மிகை. ஆனாலும் மற்றதெல்லாம் மூடியிருக்கும்போது திறந்திருக்கும் ஒரே இடம் அதுதான், மங்கி குல்லா போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு வெளியே இருக்கட்டும். தலையைப் போர்வைக்குள் இழுத்து மூச்சு விட்டால் பத்து நிமிஷம் சுகமாக இருக்கும், பிறகு மூச்சின் ஈரத்தில் கழுத்துப் பக்கம் நனையும்.

சூடு சேர்ப்பதற்கு வெந்நீர் பாட்டில் போல எளிய வழி வேறில்லை. 1 லிட்டர் தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 30-க்கு இறங்கும்போது விடும் சூடு, தூங்கும் உடம்பு முக்கால் மணி நேரத்தில் உண்டாக்கும் சூட்டுக்குச் சமம். கேட்கக் குறைவாகத் தோன்றலாம், ஆனால் சில்லிட்ட படுக்கையை முதலில் சூடாக்குவதில்தான் உடம்பு திணறும், அந்த வேலையைப் பாட்டில் பார்த்துவிடும். ஒற்றைச் சுவர் கொண்ட ஸ்டீல் பாட்டில் எடுங்கள். ஃபிளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் இருந்தால் சூடு வெளியே வராது. மெல்லிய குடிதண்ணீர் பாட்டில் கொதிநீரில் சுருங்கிவிடும், மலைப் பகுதிகள் பலவற்றில் அதற்குத் தடையும் உண்டு. மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள், சொட்டக் கூடாது. பிறகு ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் நுழைத்து, படுப்பதற்கு 15 நிமிஷம் முன்னால் போர்வைக்குள் வைத்துவிடுங்கள். படுத்ததும் தொடைகளுக்கு நடுவில் வைத்தால் பெரிய ரத்தக் குழாய்கள் அங்கே தோலுக்கு அருகில் ஓடுவதால் சூடு உடம்பெங்கும் பரவும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையும் சரிதான். அதில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், கொதிநீரை நேரே ஊற்றாதீர்கள், மூடும்முன் காற்றை அமுக்கி வெளியேற்றுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே கொதித்து ஐந்து நிமிஷம் ஆறினால் போதும். ரயிலில் கேஸ் ஸ்டவ், சிலிண்டர், மண்ணெண்ணெய் எதுவும் கொண்டுபோகக் கூடாது, சட்டப்படி குற்றம். சென்ட்ரலில் ஏறி போடியில் இறங்குவதாக இருந்தால், கேம்ப்காரரிடம் இரவு 9 மணிக்கு ஆளுக்கு 1 லிட்டர் வெந்நீர் வேண்டும் என்று முன்பதிவின்போதே பேசிவிடுங்கள்.

அம்மாவுக்கு இதில் விதிவிலக்கு. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மழுங்கியிருக்கலாம், அப்போது சுடுவது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும், அது ஆறாத புண்ணாக மாறும். அவர் காலருகே பாட்டில் வைக்காதீர்கள். படுக்கையைப் பாட்டிலால் சூடாக்கி, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். ஐவரில் தடித்த பாயும் நல்ல பேக்கும் அவருக்குப் போகட்டும், நடு இடத்தில் படுக்கட்டும். நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் குளிர் என்று விட்டுவிடாமல் சர்க்கரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல குளுக்கோமீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே பிழை காட்டும், அதனால் மீட்டரையும் ஸ்டிரிப்பையும் உள்பையில் உடம்போடு வைத்திருக்கச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதையும்தான். ஒரு முறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

எரிபொருள் இல்லாமல் உடம்பு எரியாது. இரவுச் சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிடுங்கள், முட்டை, எண்ணெய் விட்ட பரோட்டா மாதிரி மெதுவாகச் செரிப்பவை நல்லது. படுக்கும்முன் இரண்டு கடலை மிட்டாய் சாப்பிட்டுக்கொள்ளலாம், சர்க்கரை உள்ளவர் தவிர. ஆனால் சின்னக்கானல், சூரியநெல்லி வட்டாரம் யானை நடமாடும் இடம், அரிசிக்காக ரேஷன் கடையையே உடைத்த யானைகள் அங்கே உண்டு. பழம், அரிசி, தின்பண்டம் எதையும் டென்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். சாராயம் குடித்தால் சூடாக இருப்பது போலத் தெரிவது, தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியேறுவதால்தான். இரண்டு மணி நேரம் கழித்து அதன் விலை தெரியும். படுக்கும்முன் சிறுநீர் கழித்துவிட்டு, 20 தோப்புக்கரணம் போடுங்கள். வியர்க்கும் முன் நிறுத்திவிட்டு உடனே போர்வைக்குள் போய்விட வேண்டும். குளிர்ந்த உடம்போடு படுத்தால் போர்வை அந்தக் குளிரைத்தான் பத்திரமாக வைத்திருக்கும்.

இடம் பெரும்பாலும் கேம்ப்காரர் முடிவு செய்வது, இருந்தாலும் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தில் தேங்கும். ஓடைக்கரையும் பள்ளத்தாக்கின் அடியும் சரிவைவிடச் சில டிகிரி குளிராக இருக்கும். முகட்டில் காற்று அறையும். இரண்டுக்கும் நடுவில், தேயிலைப் புதர் அல்லது மேடு காற்றை மறைக்கும் சரிவு கிடைத்தால் விடாதீர்கள். டென்ட் வாசல் காற்றுக்கு முதுகு காட்டட்டும், ஜனவரியில் அது பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். ஐந்து பேருக்கு எட்டுப் பேர் டென்ட் தருகிறேன் என்றால் வேண்டாம். இரண்டு, மூன்று பேர் படுக்கும் சின்ன டென்ட் இரண்டு கேட்டு வாங்குங்கள், வெளித்துணி ஒன்றும் உள்துணி ஒன்றுமாக இரட்டை அடுக்கு இருக்கட்டும். அவர்கள் தரும் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள், நசநசப்பாக இருந்தால் வெளியே போட்டுவிட்டு உங்கள் ஃபோமில் படுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் உயிர்கள் போனது இந்த மலையின் கீழ்ச்சரிவில்தான். அனுமதி இல்லாத காட்டு நிலத்தில் டென்ட் போடும் ஆளிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாரும் செய்யும் இன்னொரு தவறு, குளிருக்குப் பயந்து டென்டை முழுசாக அடைத்துவிடுவது. மூச்சிலும் தோலிலுமாக ஒரு ஆள் ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாமல் ஈரம் விடுவார், ஐந்து பேர் என்றால் 1 லிட்டருக்கு மேல். போக வழியில்லாவிட்டால் அது குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகி விடியற்காலையில் போர்வை மேல் சொட்டும். மேலே இருக்கும் காற்றுத் துளைகள் திறந்தே இருக்கட்டும், வாசல் ஜிப்பின் உச்சியில் ஒரு சாண் விட்டுவிடுங்கள். அடைத்தாலும் டென்ட் வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் சூடாக இருக்கும். அந்த இரண்டு டிகிரிக்காக நனைவது நஷ்டம். போர்வை டென்ட் சுவரைத் தொடாமல் படுங்கள், ஈரக் காலணியையும் துண்டையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

ராத்திரியின் கடும் குளிர் 4 மணியிலிருந்து சூரியன் வரும் வரை. மாலையில் சரியாக இருந்ததே என்று ஜாக்கெட்டைப் பையின் அடியில் வைத்துவிடாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். குளிர்ந்து விழிப்பு வந்தால், தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு மணி நேரம் சுருண்டு கிடப்பதுதான் எல்லாரும் செய்வது. உடனே எழுந்து உட்காருங்கள். முதலில் முதுகுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள், பாயிலிருந்து நழுவியிருந்தால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். சிறுநீர் முட்டினால் போய்விட்டு வாருங்கள். ஈரச் சாக்ஸ் இருந்தால் மாற்றுங்கள், இன்னொரு உடுப்பு போடுங்கள், படுத்தபடியே தொடை, வயிறு, புட்டத் தசைகளைப் பத்து விநாடி இறுக்கித் தளர்த்துங்கள், இருபது தடவை. கால் சூடாக வேண்டுமென்றால் காலைத் தேய்ப்பதைவிட மார்பையும் தலையையும் மூடுவது வேகமாகப் பலன் தரும். நடுப்பகுதி சூடான பிறகுதான் உடம்பு கைகாலுக்கு ரத்தம் அனுப்பும்.

ஒருவருக்குப் பேச்சு குழறி, கை பொத்தான் போட மறுத்து, நடுக்கம் நின்றுபோய் மந்தமாகக் கிடந்தால் அது உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியதன் அறிகுறி. நடுக்கம் நின்றது நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத் துணியைக் கழற்றி, அடியிலும் மேலும் தடித்துப் போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை மார்பருகே வைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம், எழுப்பி நடக்க வைக்க வேண்டாம், நெருப்பருகே இழுத்துப் போக வேண்டாம். 108-ஐ அழையுங்கள், கேம்ப் ஜீப்பை எழுப்புங்கள்.

உங்களிடமே டென்ட் இருந்தால், கிளம்புவதற்கு முந்தைய வாரம் மொட்டை மாடியில் ஒரு ராத்திரி அதைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். நம் ஊர் மாடியில் குளிரைச் சோதிக்க முடியாது, மற்ற எல்லாவற்றையும் சோதிக்கலாம். பாட்டில் ஒழுகுகிறதா, ஜிப் துணியைக் கடிக்கிறதா, இரண்டு அடுக்கு ஃபோம் நழுவுகிறதா, காற்றுத் துளை எங்கே இருக்கிறது என்று இருட்டில் கைக்குத் தெரிகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மலையில் டென்ட் கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ரயில் பயணத்தில் நசுங்கிய பேக்கைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, நன்றாக உதறி, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே விரித்து வைப்பது. பஞ்சு உப்பிய பிறகுதான் அதில் காற்று நிற்கும்.

திரும்பி வந்த அன்றே பேக்கையும் ரஜாயையும், சொந்த டென்ட் என்றால் அதையும் மாடிக் கொடியில் போடுங்கள், டென்டை மட்டும் நேர் வெயிலில் நாள் முழுக்க விடாமல் உலர்ந்ததும் எடுத்துவிடுங்கள். உப்புக் காற்றில் லேசான ஈரத்தோடு மடித்து வைத்தால் இரண்டு வாரத்தில் கரும்புள்ளி பூஞ்சை பிடிக்கும், டென்டின் உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். பேக்கை அதன் சின்னப் பைக்குள் அமுக்கி வருஷம் முழுக்க வைத்தால் பஞ்சு திரும்ப உப்பாது. பழைய தலையணை உறை இரண்டைத் தைத்துப் பெரிய பையாக்கி, அதில் தளர்வாகப் போட்டு பீரோவுக்கு மேல் வையுங்கள், மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்து உதறிக் காயப் போடுங்கள்.